கழற்றிய பிறகும் ஒழுகிய குழாய்

செவல்குளம் என்று ஊர்ப் பெயரில்தான் குளம் இருக்கிறது, ஊருக்குள் கிடையாது. கிணற்றுத் தெரு என்று எங்கள் தெருப் பெயரில்தான் கிணறு இருக்கிறது, தெருவுக்குள் கிடையாது. இப்பேர்ப்பட்ட ஊரில், இப்பேர்ப்பட்ட தெருவில், அரியமுத்து அண்ணாச்சி வீட்டுக் குளியலறையில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதற்குத் தண்ணீர் விடுகிற பழக்கம் இருந்தது, நிறுத்துகிற பழக்கம் கிடையாது. அண்ணாச்சியின் மகள் ஆவுடைச்செல்வி ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது சொட்ட ஆரம்பித்தது. அவள் சடை ஒன்றாகி, காலேஜ் போய், கல்யாணமாகி, மாசமாகி, வயிறு தெரிகிற வரைக்கும் சொட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கெட்ட மனுசர் இல்லை. கட்டி வைக்க முடிகிற பொருளை மாற்றக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த வீட்டில் நாற்காலிக்குக் கயிறு, மூக்குக் கண்ணாடிக்கு நூல், மின்விசிறிக்குக் கம்பி என்று எல்லாமே கட்டுப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிற மாதிரிதான் இருக்கும். குளியலறையோ அவருடைய தனி சாம்ராஜ்யம். ஃப்ளஷ் டேங்கின் கைப்பிடி ஒடிந்த இடத்தில் பெண்டாட்டியின் பாவாடை நாடாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், கோயில் மணி மாதிரி இழுக்க வேண்டும். ஷவரில் எல்லாத் துளையும் உப்படைத்துப் போய் மிஞ்சிய ஒற்றைத் துளை எதிர்ச் சுவரைப் பார்த்துப் பீய்ச்சும், குளிக்கிறவர்கள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி நின்று குளிக்க வேண்டும். குழாய்க்கு மட்டும் வருசா வருசம் ஒரு கட்டு. முதலில் சணல், அப்புறம் சைக்கிள் டியூப், அப்புறம் பழைய வேட்டிக் கிழிசல். தலைப்பாகை கட்டின ஜமீன்தார் மாதிரி அது சுவரில் உட்கார்ந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, குழாய்க்குள்ள ஒரு ரப்பர் வாசர் மாத்துனா நின்னுரும்ங்காக," என்பாள் அவர் பெண்டாட்டி சண்முகக்கனி.

"வீணாவா போகுது? வாளியிலதான விழுது," என்பார் அண்ணாச்சி.

"வாளி நிறைஞ்சா?"

"வேற வாளி வை."

இப்படியே போயிருக்கும். வினை வளைகாப்பில் வந்தது. மகளுக்கு மாமியார் வீட்டில் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவர சண்முகக்கனி கார் பிடித்துப் போனாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று சட்டி சட்டியாகக் கிண்டிக் கொண்டுபோனாள். வளையல் அடுக்கி, நலுங்கு வைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து, மகளைக் காரில் ஏறச் சொல்கிற நேரத்தில் சம்பந்தியம்மா குறுக்கே வந்து நின்றாள். தலைதீபாவளிக்கு வந்தபோது அந்தப் பாவாடை நாடாவை இழுத்து, டேங்க் மூடி தலையில் விழுந்து, நெற்றியில் புடைப்போடு ஊர் திரும்பிய அம்மாள் அவள். நெற்றியைத் தடவிக்கொண்டேதான் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீக மதினி. பிள்ளையை அனுப்ப மாட்டேன்னு நான் சொல்லலை. இந்த வயித்தை வச்சுக்கிட்டு உங்க வீட்டுக் கக்கூஸ்ல அவ எப்பிடிக் குத்த வைப்பா? தரையெல்லாம் ஒழுகிப் பாசி பிடிச்சுக் கெடக்கு. வெஸ்டர்ன் போட்டு, குழாயைச் சரி பண்ணிட்டு ஒரு போனைப் போடுங்க, நானே கொண்டாந்து விடுதேன். முடியலையா, இங்கயே பிரசவம் பாத்துக்கிடுதோம். எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல."

அந்தக் கடைசிச் சொல்தான் நெஞ்சில் போய்த் தைத்தது. பிள்ளைத்தாச்சியைக் கூட்டப்போன கார் வெறும் புளிச்சோற்றுச் சட்டிகளோடு எங்கள் தெருவுக்குள் திரும்பி வந்ததை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். பார்க்காத மாதிரியும் நின்றோம். சண்முகக்கனி இறங்கினாள். அழவில்லை, ஏசவில்லை, புருசனுக்குச் சோறு வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பாதியில் கை கழுவிவிட்டுப் பிளம்பர் சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

சவரிமுத்து நல்ல வேலைக்காரன் என்று சொல்வார்கள். அவன் வேலை செய்து பார்த்தவர்கள் குறைவு. எப்போது போன் போட்டாலும் "இந்தா, தெரு முக்குலதான் நிக்கேன்" என்பான். எந்த ஊர்த் தெரு, எந்த முக்கு என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. புது வெஸ்டர்னும் புதுக் குழாயும் புது டேங்கும் அட்டைப் பெட்டியோடு முன்னறையில் வந்து இறங்கின. அவன் வரக் காணோம். வீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியின் மேல் காப்பி டம்ளரை வைத்துப் பேசப் பழகிவிட்ட பிறகு ஒரு நாள் வந்தான்.

வந்தவன் வால்வை மூடினான், ரெஞ்சைப் போட்டு நெம்பினான், ஜமீன்தார் தலைப்பாகையோடு கையில் வந்துவிட்டார். சுவர் ஓட்டைக்கு ஒரு மூடியைத் திருகினான். குழாய் அவன் உள்ளங்கையில் கிடந்தது, அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, பிறகு ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு.

"வால்வை மூடியாச்சா?" என்றான் சவரிமுத்து.

"நீதானப்பா மூடுன," என்றார் அண்ணாச்சி.

"உள்ள தங்குன தண்ணியா இருக்கும். வடிஞ்சிரும்."

துண்டால் துடைத்தான், சொட்டியது. தலைகீழாகப் பிடித்தான், மேல் நோக்கிச் சொட்டத் தெரியாமல் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்பக்கமாகச் சொட்டியது. பழைய பித்தளை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வாளிக்குள் போட்டுவிட்டு, "சிமெண்டு வாங்கிட்டு இந்தா வாரேன்" என்று போனான், போனவன்தான். சாயங்காலம் சண்முகக்கனி போய்ப் பார்த்தபோது வாளி நிறைந்து குழாய் தண்ணீருக்கடியில் கிடந்தது. அவள் வாளியைக் காலி செய்துவிட்டுக் குழாயைத் திரும்பப் போட்டாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, நல்ல குழாய். கழட்டியே இருக்கக் கூடாது."

வாளிக்குள் கிடந்தால் வாளி வீணாகிறது என்று குழாயைக் கயிற்றில் கட்டி, பழைய இடத்திலேயே ஓர் ஆணியில் தொங்கவிட்டார்கள். இப்படித்தான் அது சுவரில் இல்லாமல் சுவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, எந்தக் குழாயோடும் சேராத குழாயாக, தன் பாட்டுக்குச் சொட்ட ஆரம்பித்தது. நாங்கள் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக் குழாய்கள் சுவரில் இருந்தும் சொட்டுவதில்லை என்ற வயிற்றெரிச்சலைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஆயுத பூசை வந்தது. அண்ணாச்சி ஆயுத பூசையை விட மாட்டார், ஏனென்றால் அன்றைக்குத்தான் அவர் கட்டி வைத்த பொருள்களுக்கெல்லாம் மரியாதை. சைக்கிளுக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், அருவாமனைக்குச் சந்தனம், கயிறு கட்டின நாற்காலிக்குச் சந்தனம். கடைசியில் விரலில் கொஞ்சம் மீதி இருந்தது. வீணாக்க மனசில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார், குளியலறைக் கதவு திறந்திருந்தது. போய்க் குழாயின் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு துண்டுச் சாமந்திப் பூவையும் கைப்பிடியில் செருகிவிட்டு வந்து பொரி தின்றார்.

அந்த ஒரு நாள் பார்த்துச் சவரிமுத்து தானாக வந்துவிட்டான். சிமெண்டோடு வந்தான், கொத்துக்கரண்டியோடு வந்தான், வேலையை முடிக்காமல் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குளியலறைக்குள் கால் வைக்கப் போனான். எதிர்வீட்டுக் குருவம்மா சுண்டல் வாங்க வந்தவள், வாசலை மறித்துக்கொண்டாள்.

"யப்பா, பொட்டு வச்சிருக்கு. பொட்டு வச்சதை இன்னைக்குத் தொடக் கூடாது."

"யக்கா, குழாயை நான் தொடலை. அது அங்கன தொங்கட்டும். நான் கீழ கக்கூசைத்தான் ஒடைக்கணும்."

"பொட்டு வச்ச சாமிக்குக் கீழயா ஒடைப்ப? நாளைக்கு மறுபூசை முடிச்சுட்டு வா."

அவள்தான் முதலில் சாமி என்று சொன்னவள். சொன்ன பிறகு தானே நிமிர்ந்து பார்த்தாள். ஆணியில் கயிறு, கயிற்றில் குழாய், குழாயில் குங்குமம், குங்குமத்துக்குக் கீழே எங்கிருந்தும் வராத தண்ணீர் சொட்டுச் சொட்டாக. சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சவரிமுத்து கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, "அப்ப நாளைக்கு இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தோசமாகப் போனான்.

மறுநாள் மறுபூசைக்கு முன்னாலேயே குளியலறை வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது.

நேற்று வரை மூக்கைப் பொத்திக்கொண்டு செருப்போடு போன இடத்துக்கு இன்று செருப்பைக் கழற்றிவிட்டு மூக்கை விரித்துக்கொண்டு போனோம். கக்கூஸ் என்ற சொல்லைத் தெருவில் யாரும் சொல்லவில்லை, உள்சன்னதி என்றோம். அந்தக் குழிக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகைக்கு மேல் கோலம் போட்டு, கோலத்துக்கு மேல் விளக்கு வைத்தோம். பாவாடை நாடாவில் மஞ்சள் தடவினோம். ஒருத்தி அந்தத் தண்ணீரை முழங்காலில் தடவினால் வலி போகிறது என்றாள், ஒருத்தி நெஞ்சில் தடவினால் சளி போகிறது என்றாள், அந்தத் தண்ணீரில் பருப்பு மெத்தென்று வேகிறது என்றேன் நான். குடங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. குடம் இல்லாத நேரத்தில் குடத்துக்குப் பதில் ஒரு கல், கல்லுக்கும் மரியாதை, தள்ளிவைத்தவளுக்குச் சண்டை. ஒரு குடம் நிறைவதற்குள் வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு கல்யாணப் பேச்சைத் தொடங்கி, முடித்து, அதை முறித்துக்கொண்டுவிடலாம். சொட்டுதானே. ஆனால் சாமி சொட்டுகிறது, சீக்கிரம் சொட்டு என்று யார் சொல்வது?

எல்லோரையும் விட அண்ணாச்சிதான் மலர்ந்து போனார். கயிறு கட்டின நாற்காலியைக் குளியலறை வாசலில் போட்டு, தோளில் புதுத் துண்டு போட்டு, உள்ளே போகிறவர்களுக்கு விபூதி கொடுத்தார்.

"இத்தனை வருசம் ஏன் மாத்தாம விட்டேன்னு நெனைக்கீக?" என்பார். "எனக்கு அப்பவே தெரியும். சொன்னா யாரு நம்பப் போறீக."

அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் போக இடமில்லை. அண்ணாச்சி ரயில்வே லைன் பக்கம் போனார். சண்முகக்கனி விடிந்தும் விடியாமலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குருவம்மா வீட்டுக்குப் போவாள். தன் வீட்டுக் கக்கூசைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறவளைப் பார்த்துக் குருவம்மா, "புண்ணியம் பண்ணிருக்கீக மதினி" என்பாள். சண்முகக்கனி வாளியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொள்வாள்.

பிறகு வார்டு மெம்பர் வந்தார். குழாயைப் பார்த்தார், கும்பிட்டார், செல்போனில் படம் பிடித்தார், போனார். அடுத்த வாரம் தெரு முனையில் ஒரு பேனர் முளைத்தது. கிணற்றுத் தெருவின் தண்ணீர்ப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்ந்தது என்று எழுதி, நடுவில் மெம்பர் யானை உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, ஓர் ஓரத்தில் குழாய் கொசு உயரத்துக்குத் தொங்கியது. நாங்கள் கை தட்டினோம். அதோடு எங்கள் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி நின்றது.

"உங்களுக்குத்தான் சாமியே குடுக்குதே. இல்லாத தெருவுக்குப் போகட்டும்," என்றார் மெம்பர்.

நியாயமாகத்தான் பட்டது. லாரி வேண்டும் என்று கேட்டால் சாமி பத்தாது என்று சொன்ன மாதிரி ஆகும். அதனால் நாங்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். டம்ளரால் குளித்தோம். அடிக்கடி குளித்தால் தோல் கெட்டுப்போகும் என்று பேசிக்கொண்டோம். துவைக்காத சேலைக்கு ஆயுசு அதிகம் என்று கண்டுபிடித்தோம். குழம்பைக் கெட்டியாக வைத்தோம், விருந்தாளிகளைக் கெட்டியாகப் பேசித் துரத்தினோம். வாய் வறண்டு ஒருவரையொருவர் பார்க்கும்போது மட்டும், சாமி என்னமா ஊத்துது என்று சொல்லிக்கொண்டோம்.

இத்தனைக்கும் நடுவில் ஆவுடைச்செல்வி போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"யம்மா, வெஸ்டர்ன் போட்டாச்சா?"

"பெட்டி வந்திருக்கு தாயி."

"பெட்டி மேலயா நான் உக்கார? எனக்குக் காலெல்லாம் வீங்கிட்டும்மா. பேறு காலத்துக்கு உன் பக்கத்துல இருக்கணும்னு இருக்கு. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாக்காக. ராத்திரி வலிச்சா யாரை எழுப்பன்னு தெரியலை."

பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல் கேட்டது: "என்னவாம்? சாமி எறங்கிட்டாமா, இன்னும் குளிச்சுக்கிட்டு இருக்காமா?"

சண்முகக்கனி போனை வைத்துவிட்டு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். குழாயை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள், பூசை புனஸ்காரம் எல்லாம் இங்கேயே நடக்கட்டும் என்று கோயில் நிர்வாகியிடம் கேட்டாள். அவர் தினமும் வரிசையில் நின்று அந்தத் தண்ணீரை வாங்கித் தலையில் தெளித்துக்கொள்கிறவர். கேட்டதும் பதறிப்போனார்.

"என்னம்மா பேசுதே? கக்கூஸ்ல இருந்த குழாயைக் கோயிலுக்குள்ள எப்பிடி வைக்கது?"

"அப்ப என் கக்கூசைக் கக்கூசா விட்டுருங்க."

"சாமி இருக்கற எடத்தை எப்பிடிம்மா கக்கூசா விடுறது?"

இப்படியாக, கக்கூசில் இருந்ததால் அது கோயிலுக்குள் போக முடியாது, சாமி இருந்ததால் அவள் கக்கூசுக்குள் போக முடியாது. இந்த நியாயத்தில் யாருக்கும் ஒரு கோணலும் தெரியவில்லை. அவள் வீட்டுக்கு வந்து புருசனிடம் கேட்டாள். மகள் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளட்டும் என்றார் அண்ணாச்சி. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. வரிசை வழக்கம்போல நீண்டு கிடந்தது. அண்ணாச்சி விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தார், மெம்பர்கூட யாரோ வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சாமி காட்ட வந்திருந்தார். சூடம் காட்டுகிற நேரம் சண்முகக்கனி அடுப்படியிலிருந்து வந்தாள். வந்தவள் கொண்டையை அவிழ்த்தாள். முடி சரிந்து இடுப்பில் விழுந்தது. ஒரு தரம் அசைந்தாள், இரண்டு தரம் அசைந்தாள், அப்புறம் குளியலறை வாசலே அசைகிற மாதிரி ஆடினாள். உஸ் உஸ் என்று மூச்சு வாங்கியது. அவள் ஆடினாளா, அவளுக்குள் வந்து அது ஆடியதா என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆடுகிறவளைத் தடுக்கக் கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சி கிடையாது.

குருவம்மா கை கூப்பினாள். "தாயி, வந்திருக்கிறது யாரு?"

"தெரியலையாடி உனக்கு? மூக்கு ஒழுகுதவடி நான். வருசக்கணக்கா ஒழுகுதவ."

"என்ன கொறை தாயி?"

"ஏலே, அரியமுத்து!"

முப்பது வருசக் குடித்தனத்தில் அந்த வாய் அவர் பெயரை உச்சரித்ததில்லை. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார், நாற்காலிக் கயிறு அறுந்தது, விபூதித் தட்டோடு தரையில் விழுந்தார், விழுந்ததை அப்படியே சாஷ்டாங்கமாக மாற்றிக்கொண்டார்.

"சொல்லு தாயி."

"சந்தனம் கேட்டனாலே? சாமந்திப்பூ கேட்டனாலே? ஒரு வாசர் கேட்டேன். ஒத்தை வாசர். கேட்டனா, இல்லையாலே?"

"கேட்ட தாயி."

"வேட்டியைக் கிழிச்சுக் கட்டுன. டியூப்பை அறுத்துக் கட்டுன. கழுத்தை நெரிச்சு நெரிச்சுக் கட்டுன. என் தொண்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது தொறந்து பாத்தியாலே?"

"இல்ல தாயி."

"இன்னைக்கு எனக்கு வாசர் வேணும். பொழுது சாயுறதுக்குள்ள வேணும்."

சாமி கேட்டுவிட்டால் அப்புறம் என்ன. கடைத்தெருவில் இருந்த எல்லா வாசரும் ஒரு மணி நேரத்தில் கிணற்றுத் தெருவுக்கு வந்துவிட்டன. வெற்றிலை பாக்கில் வைத்து வாசர், தேங்காய்த் தட்டில் வைத்து வாசர், கறுப்பு ரப்பர் வாசர்களை நூலில் கோத்து மாலையாகவே போட்டாள் ஒருத்தி. கொட்டுக்காரர்களோடு போய்ச் சவரிமுத்துவைத் தேடினார்கள். போனில், "தெரு முக்குலதான் நிக்கேன்" என்றான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவனை அப்படியே தோளில் தூக்கி, கொட்டடித்து, தெரு முக்கு வழியாகவே கொண்டுவந்தார்கள். அவனுக்குக் கால் கழுவிவிட்டு மாலை போட்டார்கள். கழுத்துச் சிலுவையை விடவும் முடியாமல் சாமந்தி மாலையைத் தள்ளவும் முடியாமல் அவன் உள்சன்னதிக்குள் போய், பலகை மேல் ஏறி நின்று, குழாயின் தலையைத் திருகினான்.

உள்ளே வாசர் இல்லை. எந்தக் காலத்திலோ தேய்ந்து மாவாகிப் போயிருந்தது. அந்த இடத்தில் அண்ணாச்சி தலையைத் திறக்காமலே மூக்கு வழியாகக் குத்தி அடைத்து வைத்ததையெல்லாம் சவரிமுத்து ஒவ்வொன்றாக இழுத்தான். சணல் வந்தது, டியூப் வந்தது, கடைசியாக மடித்துத் திணித்த ஒரு சிவப்புத் துணி நீளமாக வந்தது. ஆவுடைச்செல்வி ரெட்டைச் சடைக்குக் கட்டின ரிப்பன். காணாமல் போனதற்காக அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் அழுத ரிப்பன். சண்முகக்கனி ஆட்டத்துக்கு நடுவே கையை நீட்டி அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடினாள்.

சவரிமுத்து புது வாசரைப் போட்டு மூடினான். ஒரு சொட்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. விழுமா விழாதா என்று தெருவே கழுத்தை நீட்டியது. விழவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டது.

மெம்பர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு நிப்பாட்டுனீக? பேனர் வச்சிருக்கேன், தெரியுமில்லா?"

சண்முகக்கனி அவர் பக்கம் திரும்பினாள். முடி முகத்தை மறைத்திருந்தது. "நான் மலையேறப் போறேன்டா. சூடத்தைக் காட்டு."

"அப்ப தண்ணி, தாயி?" என்றாள் குருவம்மா. கேட்கிற போதே அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

"தண்ணியா? லாரியை நிப்பாட்டுனது நானாடி? அந்தா நிக்கான் பாரு, அவன்கிட்ட கேளு."

இவ்வளவு நாளும் குழாயைப் பார்த்து உட்கார்ந்திருந்த குடங்கள் எல்லாம் அப்படியே மெம்பரைப் பார்த்துத் திரும்பின. நாங்கள்தான் திருப்பினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் குடத்துக்குப் பதில் வைத்த கற்களையும் பெண்கள் குனிந்து கையில் எடுத்துக்கொண்டார்கள், மறந்துபோய்விடக் கூடாது என்றுதான். மெம்பர் வெளியூர்க்காரர்கள் முன்னாலேயே போனை எடுத்து லாரிக்காரனைக் கூப்பிட்டார். லாரி சாயங்காலம் வந்தது. டம்ளரில் குளித்துக் கிடந்த தெரு குடம் குடமாக ஊற்றிக்கொண்டு, அடிக்கடி குளித்தால் எவ்வளவு நல்லது என்று பேசிக்கொண்டது.

சூடம் அணைந்ததும் சண்முகக்கனி முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். சவரிமுத்து மாலையைக் கழற்றிவிட்டு, "சிமெண்டு வாங்கிட்டு இந்தா வாரேன்" என்று கிளம்பினான். குடங்கள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சிமெண்டு அவனிடம் போகவில்லை, அவனைத் தேடி வந்தது. குழியை உடைத்து, வெஸ்டர்னை வைத்து, டேங்கை மாட்டி, ஷவரை மாற்றி, பாசியைச் சுரண்டி, புதுக் குழாயைத் திருகி முடிக்கிற வரைக்கும் அவனைத் தெருவைத் தாண்டவிடவில்லை. சோறு மட்டும் வேளாவேளைக்குப் போனது. தன் வாழ்க்கையில் தொடங்கிய வேலையை முடித்துப் பார்த்த அதிர்ச்சியில் அவன் கொஞ்ச நாள் பேசாமல் திரிந்ததாகக் கேள்வி.

சம்பந்தியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மருமகளைக் கையைப் பிடித்துக் காரிலிருந்து இறக்கி, அவளை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, தான் முதலில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டேங்க் ஊற்றுகிற சத்தம் கேட்டது, ஷவர் பெய்கிற சத்தம் கேட்டது, குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது நெற்றியிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு போடணும் மதினி," என்றாள். சண்முகக்கனி மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

ஆவுடைச்செல்விக்கு அந்த மாசமே பெண் பிள்ளை பிறந்தது. வலி எடுத்த ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, அம்மா பக்கத்திலேயே விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். பழைய குழாய் பரணில் கிடக்கிறது. சொட்டுகிறதா என்று நாங்கள் எப்போதாவது போய்க் கேட்போம், சண்முகக்கனி எங்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள்.

போன மாசம் புதுக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அண்ணாச்சி பேத்தியைத் தூளியில் ஆட்டிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். மெல்ல எழுந்துபோய் ஒரு பழைய சைக்கிள் டியூப்பையும் கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தார். சண்முகக்கனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். ஏங்க என்றுகூடக் கூப்பிடவில்லை. கையைத் தூக்கிக் கொண்டையில் வைத்தாள், அவ்வளவுதான்.

எங்கள் வாசலைத் தாண்டி அண்ணாச்சி வாசர் வாங்க ஓடியபோது காலில் செருப்புகூட இல்லை.